கங்கம்மாள் வெட்டாத சிவப்பு ஒயர்

ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், தலையில் கூடையை வைத்துக்கொண்டு, தெருவின் நடுவிலேயா நடந்து போவாள்? அதுவும் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் நின்று சொல்லிவிட்டு? நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டுக்கார அம்மாள் ஜானகியிடம் இதை எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். நேராகப் பதில் சொல்ல மாட்டாள். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத குப்பம்மா. ஒயர்மேன் கோபாலு திங்கக்கெழம போனான். இவ வெள்ளிக்கெழம போனா. இதுக்கு மேல இன்னா வோணும் ஒனக்கு?" என்பாள்.

கோபால் போனது வடக்கே, சூளூர்ப்பேட்டை ரயிலில். பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற ஊருக்கு. கங்கம்மாள் போனது கிழக்கே, ஏரிப் பக்கம், கால்நடையாக. வடக்கே ரயிலில் போனவனும் கிழக்கே நடந்து போனவளும் எந்த ஊரில் போய்ச் சந்திப்பார்கள்?

இன்னொரு பேச்சும் உண்டு. புருஷனை லைட் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தாளாம், போகும்போது பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். பெட்டி என் வீட்டில் இருக்கிறது. சமையல் மூலையில், முறத்துக்குக் கீழே. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை தரை மெழுகும்போது அதைச் சுற்றித்தான் மெழுகுகிறேன். அந்த நேரத்தில் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

ஜானகி ஏன் இப்படிப் பேசுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். கங்கம்மாள் இருந்த வீட்டுக்கு இன்றுவரை ஆள் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் யாரிடமாவது விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அங்கே இருந்தவள் ஓடிப்போனாள் என்றால் வீட்டின்மேல் குற்றம் இல்லை பாருங்கள்.

ஒரு குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓடு போட்ட ஐந்து வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. எல்லாம் மண் தரை. ஃபாக்டரிகளுக்கு நிலம் அளந்து முளை அடிக்க ஆரம்பித்த சமயம் அது. ஆரம்பாக்கத்தில் நெல் விளைகிற நிலம் வைத்திருந்த ஜானகியம்மாள்தான் வீடுகளுக்குச் சொந்தக்காரி. முதல் வீட்டில் அவளே இருந்தாள். மூன்றாவது வீடு என்னுடையது, நான்காவதில் லோகநாதனும் கங்கம்மாளும். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர்கள். அவள் மீன் விற்பாள். அவன் வலையைத் தொடாமல் பென்சிலைத் தொட்டவன்.

பஜாரில் பாக்கியநாதன் வைத்திருந்த ஸ்டுடியோவுக்கு லோகநாதன் டச்சிங் வேலை செய்தான். எடுத்த படத்தின் நெகடிவை வீட்டுக்கு எடுத்துவந்து அம்மைத் தழும்பை மறைப்பான், மாறுகண்ணை நேராக்குவான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அது இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்போது உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகுதான் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டி, பூப்போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க வேட்டியால் முதுகோடு கட்டி, ஒரே ஒரு படம். அதில் கண் மூடித்தானே இருக்கும்? மூடிய கண்ணைத் திறந்து கொடுப்பது லோகநாதன் வேலை. மாலை போட்டு மாட்டியிருக்கிற எத்தனையோ படங்களில் அவன் திறந்து வைத்த கண்கள்தான் இந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஜன்னல் ஓரத்தில் ஒரு சாய்வுப் பலகை. அதன் நடுவே கண்ணாடி, கண்ணாடிமேல் நெகடிவ். கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து வெயிலை மேலே அனுப்புவான். காலையில் குனிந்தால் நாலு மணிக்கு வெயில் போகும்வரை தலை தூக்க மாட்டான். ஒரு நாள் அருகில் போய் நின்றேன். குனிந்தபடியே சொன்னான்.

"வெள்ளை வோணும்னா பென்சில்ல கட்டணும்க்கா. கறுப்பு வோணும்னா பிளேடால சொரண்டணும். பென்சிலு தப்புனா பஞ்சால தொடைச்சிக்கலாம். பிளேடு தப்பிச்சுன்னு வையி, செத்தவன் ரெண்டாந்தரம் செத்தான்."

ஐப்பசி மழையில் மூன்று நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். ஊரில் உள்ள பிணத்தையெல்லாம் படத்தில் பிழைக்க வைத்தவனுக்கு ஒரு படம் கிடையாது. பாக்கியநாதன் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, நாற்காலியில் உட்கார வைத்து ஒன்று எடுத்தார். தலை சாயாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது நான். அந்தக் கழுத்தின் பாரம் இன்னும் என் கையில் இருக்கிறது.

குப்பத்துப் பாதையில் தண்ணீர் புரண்டதால் அவன் அம்மா செல்லியம்மாள் நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். அடக்கம் முடிந்திருந்தது. அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. மருமகளைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எம்புள்ள மொகத்த நான் பாக்கல. அவன் என்னைப் பாக்கற மாதிரி ஒரு படம் குடு. வர்ற ஐப்பசியில தெவசம் வருமே, அன்னிக்கு எங்க ஊட்டுல அவன் கண்ணைத் தொறந்துக்கினு இருக்கணும்."

"ஆவட்டும் அத்தே" என்றாள் கங்கம்மாள்.

சொல்லிவிட்டாள். செய்வது யார்? பாக்கியநாதன் கையை விரித்தார். "மெட்ராசுக்கு அனுப்பலாம்மா. ஆனா அங்க கீறவன் லோகநாதனைப் பாத்திருக்கானா? எவனோ ஒருத்தன் கண்ணத்தான் வெச்சி அனுப்புவான்" என்றார். கங்கம்மாள் நெகடிவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நானே செய்கிறேன் என்று கிளம்பினாள்.

அவள் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும்போது வெயில் போயிருக்கும். ஜன்னல் அவளுக்கு உதவாது. அப்போதுதான், நெகடிவுக்குக் கீழிருந்து பல்பு வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு லைட் பெட்டி செய்யும் யோசனை வந்தது. ஐந்தாவது வீட்டில் கோபால் தனியாகத் தங்கி ஃபாக்டரி கட்டுகிற இடத்தில் ஒயர்மேன் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அவனைப் பிடித்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"நீ செஞ்சி குடுக்க வோணாம் கோபாலு. எப்படின்னு மட்டும் சொல்லு. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா ஒன்னைத் தேடிக்கினு நா எங்க வர்றது?"

"ஏ தல்லி, அம்மா தாயே, இது இன்னா மீன் கொழம்பா, பக்குவம் சொல்றதுக்கு? கரண்டு!"

"சொல்லேன். எனக்குத் தலைக்குள்ள ஏறும்."

கோபால் சிரித்துவிட்டு உட்கார்ந்து சொன்னான். அவன் சொன்னது எனக்கே பாடமாகிவிட்டது. நாற்பதுக்கு மேல் பல்பு போடக் கூடாது. பல்புக்கும் மேல் கண்ணாடிக்கும் நாலு விரல் இடம் விட வேண்டும், மரத்தில் ஒட்டக் கூடாது. சூடு போக ஓட்டை வேண்டும். ஒயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் தகரம் அறுக்கும், அங்கே சைக்கிள் ட்யூபைச் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு முடிச்சுப் போட வேண்டும், யாராவது கால் தடுக்கி இழுத்தால் முடிச்சு தாங்கும், ஹோல்டர் தாங்காது.

"பெட்டிக்குள்ள கைய வைக்கறதுக்கு முன்ன இன்னா செய்வ?"

"சுவிட்சை அணைப்பேன்."

"அங்கதான் சாவற! சுவிட்சை நம்பாத. பிளக்கைப் புடுங்கு. புடுங்கி எட்டப் போடு. அப்பறம் கைய வையி. எங்க, சொல்லு?"

"பிளக்கைப் புடுங்கணும்."

"ஆங். இப்ப இது. ரெண்டு ஒயரு. செவப்புல வருது, கறுப்புல போவுது. வர்றதத்தான் மறிக்கணும். செவப்பை வெட்டி நடுவுல சுவிட்சைக் குடு. கறுப்பைத் தொடாத."

அவன் எழுந்து போய்விட்டான். அன்று சாயங்காலம் அவள் பெட்டியை முடித்தாள். கடையில் சாமான் வந்த மரப்பெட்டி. வெளிச்சம் சிதறாமல் இருக்க மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்து உள்ளே அடித்தாள். மிச்சத் தகரத்தை வெட்ட மனம் வராமல், கரையான் ஏறாது என்று, அடிப்பக்கத்துக்கும் வெளி விளிம்புக்கும் மடித்து அடித்தாள். பெட்டி தரையில் தகரத்தோடு உட்கார்ந்தது. வாசலைப் பார்த்த பக்கத்தில் சூடு போக இரண்டு ஓட்டை போட்டாள். மேலே மணல் போட்டுத் தேய்த்த கண்ணாடி. ட்யூப் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள், எல்லாம் அவன் சொன்னபடி. கடைசியில் லோகநாதனின் பிளேடை எடுத்துச் சிவப்பு ஒயர்மேல் வைத்தாள். கை அப்படியே நின்றது. எடுத்துக் கறுப்பின்மேல் வைத்தாள்.

"செவப்புன்னானே அவன்" என்றேன்.

"ரெண்டுல எதை வெட்டுனா இன்னாக்கா? வெளக்கு அணைஞ்சா சரி."

"சொன்னபடி செய்யேன்டி."

"கெட்டது கறுப்புலதான் போவும். செவப்பு மங்களம். அதை ஒருதரம் எங்கிட்டேர்ந்து எடுத்தீங்களே, அது போதும். எங்கையால நான் எடுக்க மாட்டேன்."

அவள் நெற்றியில் குங்குமத்தை அழித்தது நாங்கள்தான், இந்தத் தெருப் பெண்கள். அதில் என் கையும் இருந்தது. கறுப்பை வெட்டிச் சுவிட்சைக் கொடுத்தாள். போட்டால் எரிந்தது, அணைத்தால் அணைந்தது. பார்த்தாயா என்று என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கோபால் பல் விளக்கிக்கொண்டே கேட்டான். "செவப்பத்தானே வெட்டுன?"

"ஆமா" என்றாள்.

நான் பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் பங்கு இதுதான்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் உட்கார்ந்தாள். முதலில் பாக்கியநாதன் கொடுத்த வீணாய்ப்போன நெகடிவ்களில் பழகினாள். கண்ணை வெள்ளையாகக் கட்டுவது, கருவிழியைச் சுரண்டுவது. எல்லாம் ஓர் அரிசி அளவுக்குள் நடக்கிற வேலை. பங்குனி போய் ஆனிக்குள் கை வந்துவிட்டது. புருஷனின் நெகடிவை எடுத்து வைத்தாள். வெள்ளையைப் பென்சிலால் கட்டினாள். பிளேடை எடுத்தாள், வைத்துவிட்டாள். மறுநாளும் எடுத்தாள், வைத்துவிட்டாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். சுவரைத் தட்டினாள். "யக்கா, இங்க வா. சீக்கிரம் வா."

போனேன். அப்போதுதான் சாணி போட்டு மெழுகிய தரை. மூலையில் பெட்டி. அதன் இரண்டு ஓட்டையிலும் வெளிச்சம். எப்போதும் எரிகிற மாதிரி இல்லை. அடுப்பில் அணையப் போகிற கங்கு இருக்குமே, அந்த நிறம். பாதி திறந்த இரண்டு கண்கள் தரையோடு தரையாக எங்களைப் பார்த்தன.

"அணைச்சிருக்கலாம்ல?"

"அணைச்சிதான்க்கா கீது. பாரு."

பார்த்தேன். சுவிட்சு அணைத்துத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு நாழிகையில் போய்விட்டது.

மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

இந்த மாதிரி விஷயம் ஒரு சுவருக்குள் நிற்குமா? மூன்றாம் வெள்ளிக்கு வாசலில் கூட்டம். ஜானகி மூக்கில் விரலை வைத்தாள். "ஊர்ப் பொணத்துக்கெல்லாம் கண்ணைத் தொறந்து உட்டான். அதுங்க சும்மா உடுமா? எங்கடா எங்க கண்ணுன்னு கேக்க வந்திருக்குதுங்க." இன்னொருத்தி, "அவனேதான்டி. வெள்ளிக்கெழம தவறாம வர்றான் பாரு, உசிரோட இருந்தப்பகூட ஊட்டுக்கு இப்படி நேரத்தோட வந்ததில்ல" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் திரும்பிப் போகும்போது கங்கம்மாள் வாசலை விட்டு விலகியே போனார்கள்.

கங்கம்மாள் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மீனைச் சீக்கிரம் விற்றுவிட்டு வந்தாள். தலை குளித்தாள். தரையை வழவழவென்று மெழுகினாள். பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த இரண்டு ஓட்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நெகடிவ் என்னாச்சுடி? தெவசம் வருதே" என்று கேட்டேன்.

"அவரு கண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலக்கா."

"இன்னாடி சொல்ற?"

"பன்னெண்டு வருசம். அவரு உச்சந்தலை தெரியும். சுழி எங்க கீதுன்னு தெரியும். குனிஞ்சிருந்தா இமை மயிரு தெரியும். சோறு போடும்போதும் குனிஞ்சிதான் துன்னாரு. நா நேருக்கு நேரா பாத்ததில்ல. பாக்கணும்னு தோணல. இருக்கறாரே, எங்க போவப்போறாருன்னு இருந்துட்டேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் மூக்கைச் சொல்ல முடிந்தது. காதோரத்து மச்சத்தைச் சொல்ல முடிந்தது. கண் வரவில்லை. என்னைப் பார்த்து அவன் பேசிய எல்லாப் பேச்சும் குனிந்தபடிதான்.

"ஒங்க அத்தைகிட்ட கேளேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை! "ஒம்புள்ளையோட குடும்பம் நடத்தினவ நான், அவரு கண்ணு எப்படி இருக்கும்னு நீ சொல்லுன்னு போய்க் கேக்கச் சொல்றியா?"

பிறகு பெட்டியைக் காட்டினாள். "பாதிதான் தொறக்கறாரு. ஒரு வெள்ளி முழுசா தொறப்பாரு. அன்னிக்குப் பாத்து வெச்சிடுவேன்."

புரட்டாசி மூன்றாம் வெள்ளி அவளுக்குக் காய்ச்சல். படுத்த இடத்திலிருந்தே, "தரை மெழுகணுமே" என்று அனத்தினாள். நான் மெழுகுகிறேன் என்று சாணி வாளியோடு போனேன். வாசலிலிருந்து மெழுகிக்கொண்டே உள்ளே வந்தேன். ஈரம் பெட்டியடியில் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், இரண்டு கண்ணும் திறந்தன. என் கண் முன்னால் திறந்தன. பயத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, பெட்டிக்கு அடியில் மெழுகுவதற்காக அதை நகர்த்தத் தகரத்தில் கையை வைத்தேன்.

யாரோ என் தோளைப் பிடித்துப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. கையை எடுக்க முடியவில்லை. கத்த வாய் வரவில்லை. பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. வாளி உருண்ட சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. லோகநாதன் என்னைப் பிடித்துக்கொண்டான், அன்று அவன் தலையைப் பிடித்ததற்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

கங்கம்மாள் என்னைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். காய்ச்சலோடு எழுந்து பாயை மிதித்துச் சுவருக்குப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கி எட்டி எறிந்தாள். நான் மல்லாந்து விழுந்தேன். பெட்டியின் கண்கள் மூடிக்கொண்டன.

மறுநாள் காலை கோபாலைக் கூப்பிட்டோம். பெட்டியைக் கவிழ்த்து அடித் தகரத்தைக் கழற்றினான். உள்ளே பார்த்தவன் முகம் கறுத்தது.

"எதை வெட்டுன?"

அவள் கறுப்பு ஒயரை விரலால் தொட்டாள்.

"நா கேட்டப்ப ஆமான்னியே!"

"நானும் பக்கத்துல நின்னேன் நைனா. நானும் சொல்லல" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒயரைக் கையில் எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு வெள்ளியும் மெழுகுவதற்காகப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்ததில் ட்யூப் நழுவி, தகரத்தின் விளிம்பு கறுப்பு ஒயரின் மேல் ரப்பரை அறுத்திருந்தது. சுவிட்சை அணைத்தாலும் சிவப்பு வழியாகக் கரண்டு பல்பைத் தாண்டிக் கறுப்பில் வந்து நிற்கிறது. தரை காய்ந்திருந்தால் போக வழியில்லை, பேசாமல் நிற்கிறது. ஈரம் பட்டால் அறுந்த இடத்திலிருந்து தகரத்துக்கு, தகரத்திலிருந்து தரைக்கு. போகிற போக்கில் பல்பையும் கொஞ்சம் எரித்துவிட்டுப் போகிறது.

"எரியறப்ப தொட்டா ஒண்ணும் பண்ணாது. அணைச்சிட்டுத் தொட்டாத்தான் கடிக்கும். ஆடியிலேர்ந்து நீ உசிரோட கீறதே பெரிசு" என்றான்.

கங்கம்மாள் கேட்டாள். "அப்ப அவரு இல்லியா?"

"எவரு?"

"வெள்ளிக்கெழம."

கோபால் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "வெள்ளிக்கெழம நீ தரை மெழுகற. அவ்ளோதான்."

புது ஒயர் எடுத்து வந்தான். வெட்டப் போனவன் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். லோகநாதனின் பிளேடைச் சிவப்பின்மேல் வைத்தாள். நெகடிவ் சுரண்டித் தேய்ந்த பிளேடு. ரப்பர் கெட்டி. ஒரே தரத்தில் வெட்டுப்படவில்லை. மூன்று தரம் அறுத்தாள். மூன்று தரமும் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி அவளே மெழுகினாள். ஒரு குடம் தண்ணீரை வேண்டுமென்றே பெட்டியைச் சுற்றி ஊற்றினாள். உட்கார்ந்தாள். வாசலில் தெரு முழுக்க நின்றது. ஓட்டை இரண்டும் இருட்டாகவே இருந்தன. தரை காயும்வரை பார்த்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள்.

"போயிட்டான்டி" என்றாள் ஜானகி. நிம்மதியாகத்தான் சொன்னாள். தன் வாசலுக்குப் போவதற்குள் பேச்சை மாற்றிவிட்டாள். "பழைய ஆளை ஓட்டறதுக்குப் புது ஆளு வந்தாப் போதும் போலகீது."

அதற்கடுத்த மூன்று நாளும் சாயங்காலத்தில் அவள் கதவு திறந்திருந்தது. பெட்டி பளிச்சென்று எரிந்தது. லோகநாதன் வெயில் பிடிக்க வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அதில் முகத்தைப் பார்ப்பாள், குனிவாள், மறுபடி பார்ப்பாள், குனிவாள். ஜானகி என் வாசலில் வந்து நின்று, "பாத்தியா? தாலியறுத்தவ சாயங்காலமானா கண்ணாடி பாக்கறா. யாருக்காம்?" என்றாள். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தெருவில் நான் வாயை மூடிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் கங்கம்மாள் தலையில்தான் விடிந்தது.

திங்கட்கிழமை கோபாலுக்கு இங்கே வேலை முடிந்து ஊருக்குப் போனான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டான், அவளிடமும் சொல்லிக்கொண்டான், ஜானகியிடமும்தான் சொல்லிக்கொண்டான். புதன்கிழமை கங்கம்மாள் நெகடிவைக் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தாள். பாக்கியநாதன் படத்தைப் பார்த்து அசந்துபோய், லோகநாதன் நாற்காலியில் நீயே வந்து உட்கார் என்று கூப்பிட்டாராம்.

"வர மாட்டேன்னுட்டேன்க்கா" என்றாள். "எனக்கு ஒரு ஜோடி கண்ணுதான் போடத் தெரியும். ஊர்ல கீற செத்தவங்களுக்கெல்லாம் அதையே வெக்க முடியுமா?"

படத்தைக் காட்டினாள். லோகநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகில் கட்டிய வேட்டி தெரியவில்லை. பின்னால் பிடித்திருந்த என் கை தெரியவில்லை. நேராகப் பார்த்தான். உயிரோடு இருந்த காலத்தில் யாரையும் பார்க்காத பார்வை. எங்கேயோ பார்த்த கண்களாக இருந்தன. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். குனிந்து படத்தைப் பார்த்தேன். கண்ணாடியை அவள் எதற்காக வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் முகத்திலிருந்து கங்கம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"ம்."

"சொல்லாத யார்கிட்டயும்."

இத்தனை நாள் சொல்லவில்லை. ஓடிப்போனாள் என்று பேசுகிறார்களே, இனியும் சொல்லாமல் எப்படி இருப்பது?

வெள்ளிக்கிழமை காலை, நல்ல வெயில். தெவசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. படத்தை லோகநாதனின் வேட்டியில் சுற்றி மீன் கூடையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூடையைக் கழுவிக் காயவைத்திருந்தாள். தலையில் சும்மாடு கட்டியிருந்தாள். ஜானகி அவள் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஒங்க அத்தைக்குத் தெரியாமலா போவும்?" என்று மெல்லக் கேட்டேன். "பெத்தவளாச்சே."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"ஒம்புள்ளைய கடைசி வரைக்கும் பாத்துக்கினு இருந்த கண்ணு இதுதான் அத்தேன்னு சொல்வேன். ஏத்துக்கினா அங்க இருப்பேன்."

"ஏத்துக்கலன்னா?"

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு அடி போனவள் கூடையைப் பிடித்தபடி திரும்பினாள்.

"யக்கா, தரை மெழுகிட்டேன். ஈரமாத்தான் கீது. பெட்டிய நீ வெச்சிக்கோ. பிளக்கைப் புடுங்கிட்டேன், தைரியமா தொடு."

அவள் வீட்டுக்குள் போனேன். சாணி வாசம். பிளக் சுவரை விட்டு எட்ட, தரையில் சுருண்டு கிடந்தது. பெட்டியின் இரண்டு ஓட்டையும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. நெடுநேரம் நின்றேன். பிறகு குனிந்து, ஈரத்தரையில் கால் வைத்தபடியே, தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது.

வாசலுக்கு ஓடிவந்தேன். தெருவின் நடுவில், தூரத்தில், கூடை மட்டும் தெரிந்தது.